வானவழியில் கொல்லிமலை: எந்த ஜன்னல், எந்த நேரம்

கொல்லிமலையின்மேல் ஏறி நிற்பவருக்குக் கொல்லிமலையின் உருவம் தெரிவதில்லை. சீக்குப்பாறை முனையில் நின்று நோக்குபவர் காண்பது கீழே விரிந்து கிடக்கும் சமவெளியை. செம்மேட்டுக் கடைவீதியில் நிற்பவர் காண்பது இம்மலையை ஆண்ட வல்வில் ஓரியின் சிலையையும் அதற்கப்பால் சில மேடுகளையும். அறப்பளீசுவரர் சந்நிதியிலிருந்து 1,000க்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கை அருவியின் அடிக்குச் செல்பவரோ, சுற்றிலும் பாறைச் சுவர் எழுந்து மறைக்க, தலைக்குமேல் ஒரு துண்டு ஆகாயத்தையே காண்கிறார். வடக்கு தெற்காக ஏறத்தாழ 28 கிலோமீட்டரும், கிழக்கு மேற்காக ஏறத்தாழ 19 கிலோமீட்டரும் கொண்டு, சமவெளியிலிருந்து முன்னறிவிப்பின்றிச் செங்குத்தாக எழுந்து, கடல்மட்டத்துக்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் வரையிலான உயரத்தை எட்டியதும், கூர்முனை எதையும் நாடாமல் மேடும் பள்ளமுமாகப் பரந்துவிடுகின்ற இந்தப் பீடபூமியின் முழு வடிவத்தை ஒரே நோக்கில் காண வேண்டுமானால், அதனினும் உயர்ந்த ஓர் இடத்திலிருந்து, அதுவும் சற்று விலகி நின்று காண வேண்டும். அப்படிப்பட்ட இடம் பூமியிலே அருகில் இல்லை, ஆகாயத்தில்தான் இருக்கிறது.

ஓரியையும் அவனுடைய மலையையும் சங்கப் புலவர்கள் பலர் பாடியிருக்கிறார்கள். வன்பரணரைப் போன்ற அப்பெருமக்களுக்கு இம்மலையை மேலிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. நமக்கோ, பெங்களூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் சீட்டு வாங்கினாலே அது கிட்டிவிடுகிறது. கிட்டியும் நம்மில் பெரும்பாலோர் ஜன்னல் மூடியை இழுத்துவிட்டுக் கைப்பேசியிலே எவரோ ஆடும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு மலையைக் கடந்துவிடுகிறோம். அங்ஙனம் கடந்துவிட விரும்பாதவர்களுக்காக எழுதப்படுவது இவ்வத்தியாயம். விமான ஆசனங்களைப் பற்றிப் பொதுவாகக் கூறப்படும் யோசனைகள் எல்லாம் வரிசை எண்ணிலே தொடங்குகின்றன. என் அபிப்பிராயத்தில் வரிசை எண் கடைசியாக யோசிக்க வேண்டிய விஷயம். முதலில் அறிய வேண்டியது நாம் போகும் வழிக்கு எந்தப் பக்கத்தில் மலை இருக்கிறது என்பது, இரண்டாவது அந்த நாழிகையில் சூரியன் எங்கே இருக்கிறான் என்பது. இவ்விரண்டும் தெரிந்தவருக்கு ஆசனம் தானே அமைந்துவிடும்.

மலைக்கும் வழிக்கும் உள்ள தூரம்

காணத்தக்க மலை ஒன்றின்மேல் நேராகவே விமானம் பறந்தால் மிக நன்றாகத் தெரியும் என்று நினைப்பது இயல்பு. உண்மை அதற்கு நேர்மாறானது. விமானத்தின் ஜன்னல் சுவரிலே அமைந்ததேயன்றித் தரையிலே அமைந்ததன்று. எவ்வளவு கழுத்தை வளைத்தாலும் நேர்கீழே இருப்பதும், அதற்கு இருமருங்கிலும் உள்ள சில கிலோமீட்டர் நிலமும் கண்ணுக்கு அகப்படா. சென்னையிலிருந்து கோயம்புத்தூர் செல்லும் நேர்வழி சேர்வராயன் மலைக்கு மிக அருகில் செல்வதாயினும், அவ்வழியே செல்லும் பிரயாணிகளிலே ஏற்காட்டை ஒழுங்காகக் கண்டவர் சிலரே என்பதற்கு இதுவே காரணம். ஆகவே மலையை மேலே கடப்பதினும் அதன் ஓரமாகச் செல்வதே உத்தமம். பத்து முதல் முப்பது கிலோமீட்டர் தூரத்தில், விமானம் மிக உயரே ஏறாமல் இருக்கும்போது, மலையின் பக்கச் சுவரும் மேல்தளமும் ஒருங்கே தெரியும். அறுபது, எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டால் கண்ணுக்கு எட்டாது என்பதன்று, இடையிலுள்ள தூசியும் ஈரமும் சேர்ந்து அதனை ஒரு நீலக் கோடாக்கிவிடும் என்பதே சங்கடம்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நோக்கினால், தமிழ்நாட்டின்மேல் செல்லும் வான்வழிகளில் கொல்லிமலைக்கென்றே அமைந்தது போன்ற வழி ஒன்றுதான் உண்டு. அது பெங்களூர் - திருச்சிராப்பள்ளி வழி.

பெங்களூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு

தேவனஹள்ளியில் உள்ள கெம்பேகௌட விமான நிலையத்திலிருந்து திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்குத் தேசப்படத்திலே ஒரு நேர்கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோடு தர்மபுரியின்மேல் சென்று, சேர்வராயன் மலைக்குக் கிழக்கே இறங்கி, ஆத்தூர்ப் பள்ளத்தாக்கைக் கடந்து, கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே, தம்மம்பட்டியும் துறையூரும் இருக்கின்ற அந்த நீண்ட பள்ளத்தாக்கின் வழியே தெற்கே செல்வதைக் காண்பீர்கள். கொல்லிமலை இந்தக் கோட்டுக்கு மேற்கே இருக்கிறது; தெற்கு நோக்கிச் செல்பவருக்கு வலக்கைப் பக்கம் மேற்கு. எனவே பெங்களூரிலிருந்து வருபவர் வலப்புற ஜன்னலையும், திருச்சிராப்பள்ளியிலிருந்து பெங்களூருக்குச் செல்பவர் இடப்புற ஜன்னலையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆசனப் படத்திலே ‘ஏ’ என்னும் எழுத்து எப்போதும் விமானத்தின் மூக்கை நோக்கி அமர்ந்தவரின் இடப்புற ஜன்னலைக் குறிக்கும். நம் உள்நாட்டு விமானங்களில் வலப்புற ஜன்னல் ‘எஃப்’.

இவ்வழியின் விசேஷம் திசை மாத்திரமன்று. மலை இருக்குமிடம் திருச்சிராப்பள்ளிக்கு வடமேற்கே மிக அருகில் இருப்பதால், விமானம் அதனை அணுகும்போது இறங்கத் தொடங்கி வெகுநேரம் ஆகியிருக்கும். சாதாரணமாக 10,000 அடியை ஒட்டிய உயரத்தில், அதாவது மலையின் மேல்தளத்துக்கு ஆறாயிரம், ஏழாயிரம் அடி மட்டுமே உயரத்தில், நாம் அதன் கிழக்குச் சுவரின் ஓரமாகச் செல்கிறோம். இத்துடன், இந்த வழியில் சிறிய விமானங்களான ஏ.டி.ஆர். 72 ரகத்தைப் பெருவாரியாக ஓட்டுகிறார்கள். ஜெட் விமானத்தைப் போல 35,000 அடிக்கு ஏறாமல் பெரும்பாலும் 20,000 அடிக்குள்ளாகவே பறந்து, மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் வேகத்தை அரிதாகவே மிஞ்சுகின்ற இந்தச் சுழலி விமானத்தை அவசரக்காரர் இகழ்ந்து பேசுவது வழக்கம். காட்சியை விரும்புகிறவருக்கோ அதன் தாழ்ந்த பறப்பும் மந்தகதியும் பெரும் உபகாரங்கள். அவ்வேகத்திலும் மலை முழுவதும் கடந்துபோக மூன்று நான்கு நிமிஷங்களே ஆகும். ஆதலால் முன்னதாகவே ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ஆயத்தத்துக்கு உதவும் அடையாளங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். விமானம் எழுந்து இருபது நிமிஷத்துக்குள் வலப்புறத்திலே, தூரத்தில், மலைகளின் நடுவே ஒரு பெரிய நீர்ப்பரப்பு ஒளிவிடுமானால் அது மேட்டூர் அணை. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கம் நிறைந்திருக்கும் மாதங்களில் இதனைத் தவறவிட இயலாது. அதன்பின் அதே பக்கத்தில், மிகவும் அருகில், ஓங்கி எழுவது சேர்வராயன் மலை. அதன் மேற்பரப்பில் ஆங்காங்கே செம்மண் புண்களைப் போலத் தெரிபவை பாக்ஸைட் வெட்டி எடுத்த தடங்கள். மலை முடிந்ததும் நிலம் திடீரென்று தாழ்ந்து, வசிஷ்ட நதி ஓடும் ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு வருகிறது. இந்தப் பக்கமெல்லாம் மரவள்ளி விளையும் பிரதேசம். ஜவ்வரிசி ஆலைகளின் உலர்களங்களில் மாவு காயும் நாட்களில், பச்சை வயல்களுக்கிடையே கண்ணைப் பறிக்கும் வெண்ணிறச் சதுரங்களைக் காணலாம். அவற்றைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலோடு ஒட்டிக்கொள்ளுங்கள். அடுத்து வருவது கொல்லிமலை.

முதலிலே தெரிவது வடக்குச் சரிவு. காடு அடர்ந்த அந்தச் சரிவு மேலே ஏறி ஏறி ஓரிடத்தில் அறுத்து நிறுத்தியதுபோல் முடிய, அதற்கப்பால் மலையின் மேல்தளம் விரியும். அங்கே கரும்பச்சையாகத் திரண்டிருப்பவை சில்வர் ஓக் மரங்கள். அவற்றின் நிழலிலே காபியும், அவற்றின் தண்டுகளைப் பற்றி மிளகுக் கொடியும் வளர்கின்றன. வானிலிருந்து மரத்தின் உச்சி தெரியுமேயன்றி மிளகு தெரியாது. இளம்பச்சையாகவும், மழைக்குப் பின் நீர் நின்று கண்ணாடிபோலப் பளபளப்பாகவும் மடிப்பு மடிப்பாகத் தாழ்வான இடங்களில் இறங்குபவை மலைவாசிகளின் நெல்வயல்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் புன்செய்க் காடுகள் அறுவடைக்குப் பின்னர் வெளிறிய பழுப்பாகத் தோன்றும். இவற்றுக்கிடையே வீடுகள் சிறு சிறு கூட்டமாகச் சிதறிக் கிடப்பதைக் காணும்போதுதான், இம்மலையிலே ஊர்களைச் சேர்த்து ‘நாடு’ என்று வழங்கும் மலையாளிப் பழங்குடி மக்களின் வழக்கு எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும். வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என்று ஒவ்வொன்றும் தனித்தனித் தொகுதியாகவே மேலிருந்து காட்சியளிக்கிறது.

ஆனால் எனக்கு இவற்றையெல்லாம்விடச் சிறந்ததாகத் தோன்றுவது கிழக்குச் சுவரிலே உள்ள பிளவு. மலையின் மேல்தளத்து ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு வரும் அய்யாறு, அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஆகாய கங்கையாக வீழ்ந்து, பின்பு பாறைகளை அறுத்துக்கொண்டு புளியஞ்சோலையிலே சமவெளிக்கு இறங்குகிறது. கோயிலிலிருந்து படியிறங்கி அருவிக்குப் போகிறவருக்கு இந்தச் சம்பந்தம் புலனாவதில்லை. புளியஞ்சோலையில் குளிப்பவருக்கும் தாம் குளிக்கும் நீர் எங்கிருந்து எவ்விதம் இறங்கி வந்தது என்பது கேள்வி ஞானமே. வலப்புற ஜன்னலில் இருப்பவர் மாத்திரம், மேல்தளத்து வயல்களையும், அவற்றிலிருந்து இருண்டு இறங்கும் பள்ளத்தையும், பள்ளம் வாய் திறக்கும் இடத்திலே தோப்புகளையும், தொடர்ந்து துறையூர்ப் பக்கமாகச் செல்லும் ஆற்றுக் கோட்டையும் ஒரே சித்திரமாகக் காண்கிறார். அருவியின் நீரே தெரியுமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: தெரியும் என்று எதிர்பார்த்து அமராதீர்கள். சுமார் 300 அடி உயரமுள்ள அது, பள்ளத்தின் உட்புறத்திலே மறைந்து வீழ்கிறது. பள்ளத்தைக் கண்டால் போதுமானது.

மலை பின்னே நழுவியதும் கவனத்தை விட்டுவிடாதீர்கள்; வழியின் முடிவும் மட்டமானதன்று. முசிறிக்கும் குளித்தலைக்கும் இடையே அகன்று மணலாகக் கிடக்கும் காவிரியும், முக்கொம்பில் அது கொள்ளிடத்தைப் பிரித்துவிடும் இடமும், இரண்டுக்கும் நடுவே ஸ்ரீரங்கத் தீவும், 1987இல் 236 அடி உயரமாகக் கட்டி முடிக்கப்பட்ட அதன் ராஜகோபுரமும் இனி வருபவை. இவை எந்த ஜன்னலில் அகப்படும் என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. திருச்சிராப்பள்ளியின் ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. ஸ்ரீரங்கம் அதற்கு வடக்கே உள்ளது. விமானம் காற்றை எதிர்த்தே இறங்குமாதலின், மேல்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி இறங்குவது பெரும்பான்மை. அப்போது வடக்கு வலப்புறம் அமைவதால், கொல்லிமலைக்காகத் தேர்ந்த அதே ஜன்னல் ஸ்ரீரங்கத்தையும் தரும். வாடைக்காற்றுக் காலத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி இறங்கினால் கோபுரம் இடப்பக்கத்தாருக்குப் போய்விடும். இரண்டையும் விரும்பி ஒன்றை இழக்க நேருமாயின், கோபுரத்தைத் தரையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று நான் மலைப்பக்கத்தையே சிபாரிசு செய்வேன்.

ஏனைய வழிகள்

பெங்களூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழி நாமக்கல்லுக்கு மேற்கே இறங்குகிறது. இவ்வழியில் கொல்லிமலை இடப்புறம். தூரமும் அதிகம், உயரமும் அதிகம். ஆயினும் இதற்கென ஒரு நயம் உண்டு. காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் பாதை இருப்பது மலையின் மேற்குப் பக்கத்திலே; பிற்பகல் வெயில் அந்தச் சுவரின்மேல் நேராக விழும்போது, காற்றும் தெளிவாக இருந்தால், பச்சையின் நடுவே ஒரு மெல்லிய கீறலாகப் பாதை இருப்பதைக் கூர்ந்த கண்ணுடையவர் கண்டுகொள்ளலாம். அதற்கு முன்னே நாமக்கல் வட்டாரத்துக் கோழிப்பண்ணைகளின் நீண்ட கொட்டகைகள் அணிவகுத்து நிற்பது இடத்தை அறிந்துகொள்ள நல்ல அடையாளம். மதுரையிலிருந்து திரும்புவோர் வலப்புறம் அமர்க.

சென்னையிலிருந்து சேலத்துக்குச் செல்லும் விமானம் 2018 மார்ச்சில் மத்திய அரசின் உடான் திட்டத்தின்கீழ் தொடங்கி, இடையிலே நின்று, 2023 அக்டோபரில் மறுபடியும் தொடங்கியது. இவ்வழியின் இடப்புறத்தில் திருவண்ணாமலை, சாத்தனூர் அணை, கல்வராயன் மலை என்று அருமையான காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கொல்லிமலை மாத்திரம் அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் தெற்கே ஒதுங்கி நிற்கிறது. சென்னை - கோயம்புத்தூர் வழிக்கும் இதே குறைதான். சென்னையிலிருந்து மதுரை செல்பவருக்கு வலப்புறத்தில் பச்சைமலை தெரியும். அதற்குப் பின்னால் தெரியும் இன்னொரு கோடு கொல்லிமலை.

நேரமும் பருவமும்

சூரியன் இருக்கும் பக்கத்தை நோக்கினால், இடையிலுள்ள தூசி முழுவதும் ஒளி பெற்று வெண்திரையாகி மலையை மறைக்கும். சூரியனுக்கு முதுகு காட்டி நோக்கினால் அதே தூசி அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. விமானத்திலே வலமா இடமா என்பதற்கு அடுத்தபடியாகக் காட்சியின் தரத்தை நிர்ணயிப்பது இதுவே. இந்த நியாயப்படி, பெங்களூரிலிருந்து காலையில் திருச்சிராப்பள்ளிக்கு வருகிறவர் பாக்கியசாலி. சூரியன் அவருக்குப் பின்னால் கிழக்கே இருக்க, அவர் மேற்கே பார்க்க, மலையின் கிழக்குச் சுவர் முழு வெயிலில் நிற்கும். அதே வழியில் மாலையிலே வருபவருக்கு மலை ஒரு கருநிழலாகிவிடும். கோயம்புத்தூர் வழியில் இடப்புற ஜன்னல் தெற்கே திறப்பது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் பகல் முழுவதும் தெற்கே சாய்ந்திருப்பதால் அப்பக்கம் கூசும். ஏறத்தாழ ஏப்ரல் 20 முதல் ஆகஸ்ட் 23 வரையில், உச்சிவேளைச் சூரியன் கொல்லிமலையின் தலைக்கு வடக்கே சென்றுவிடுகிறான். அக்காலத்து நடுப்பகல் விமானங்களில் அந்தக் கூச்சம் இராது.

காலை நேரத்தைச் சிபாரிசு செய்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. வெயில் ஏற ஏற மலையின் மேல்தளம் சூடாகி, அதன்மேல் காற்று எழும்பி, பதினொரு மணிக்கெல்லாம் மலையின் அளவுக்கே ஒரு மேகக்குவியல் திரண்டுவிடும். சுற்றிலும் சமவெளி தெளிவாக இருக்க, மலையின் தலையில் மட்டும் மேகம் கவிழ்ந்திருப்பதைப் பார்த்து, ‘மலை அங்கேதான் இருக்கிறது’ என்று ஊகித்துத் திருப்தி அடையவேண்டியதுதான். பருவங்களில், ஆவணி முதல் ஐப்பசி வரையில் மழைமேகம் மிகுதி; பங்குனி, சித்திரையில் தூசி மிகுதி. ஐப்பசி மழை ஓய்ந்து காற்று கழுவப்பட்டிருக்கும் கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரையிலான காலமே உகந்தது. அப்போது அதிகாலையில் பள்ளத்தாக்குகளிலே பனிமூட்டம் படிந்திருக்குமாயினும் மலையை அது மறைப்பதில்லை. மூட்டத்துக்கு மேலாக மலை தீவுபோல எழுந்து நிற்கும். கோடை மழை பெய்த மறுநாள் காலையையும் நம்பலாம்.

வரிசை எண்

இனிக் கடைசி விஷயத்துக்கு வருவோம். ஏ.டி.ஆர். விமானத்தில் பக்கத்துக்கு இரண்டிரண்டு ஆசனங்கள். ஜன்னல் எழுத்துக்கள் ‘ஏ’, ‘எஃப்’ என்பனவே. இதன் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழ்நோக்கிய பார்வைக்கு இடையூறில்லை. இடையூறு செய்பவை எஞ்சின் கூடும் சுழலியும். அவை முன்பாதியிலும் நடுவிலும் உள்ள சில வரிசைகளை மறைக்கும். 13ஆம் வரிசைக்குப் பின்னே அமர்ந்தால் அந்தக் கவலை இல்லை. ஏறுவதும் பின்வாசல் வழியே ஆதலால் நடையும் குறைவு. சுழலி தெரியும் இடத்திலிருந்து கைப்பேசியில் படம் எடுப்பவர்களுக்கு அதன் அலகுகள் வாழைமட்டை வளைந்ததுபோல விகாரமாக விழுவதும் உண்டு.

ஏர்பஸ் ஏ-320 போன்ற ஜெட் விமானத்தில் இறக்கை ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. ஏறத்தாழ 9ஆம் வரிசை முதல் 20ஆம் வரிசை வரை உள்ளவர்கள் காண்பது பெரும்பாலும் அலுமினியத் தகட்டையே. இறக்கைக்கு முன்னே கிடைத்தால் நன்று. பின்னே என்றால் 22க்கு அப்பால் செல்க, ஆனால் எஞ்சினின் வெப்பக் காற்று அங்கே சற்றே காட்சியை நடுங்கச் செய்யும். ‘ஜன்னல் ஆசனம்’ என்று தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, அமர்ந்து பார்த்தால் வெறும் பிளாஸ்டிக் சுவரைக் காட்டுகின்ற வரிசைகளும் உண்டு. இது எவருடைய வஞ்சனையும் அன்று. ஜன்னல்கள் விமானத்தின் விலா எலும்புகளுக்கிடையே ஏறக்குறைய 21 அங்குலத்துக்கு ஒன்றாக அமைக்கப்பட்டவை. ஆசனங்களோ நிறுவனங்களின் இஷ்டப்படி 28 முதல் 30 அங்குலத்துக்கு ஒன்றாகப் பொருத்தப்படுகின்றன. இரண்டு கணக்கும் எல்லா வரிசையிலும் ஒத்துவர மாட்டா. வஞ்சனை இல்லையென்றாலும், கட்டணம் வாங்குகிறவர்கள் அதனை ஆசனப் படத்திலே குறித்துவிடுவது மரியாதையாக இருக்கும்.

வழியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. மேலே சொன்னவையெல்லாம் நேர்கோட்டு வழிகள். மழையும் நெருக்கடியும் கருதிக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் விமானத்தைச் சற்று இப்படியோ அப்படியோ திருப்புவது அன்றாட நிகழ்ச்சி. புறப்படுவதற்கு முந்திய இரண்டு மூன்று நாட்களில் அதே எண்ணுள்ள விமானம் சென்ற தடத்தை, விமானங்களின் போக்கைக் காட்டும் செயலிகளில் பார்த்துவிட்டு ஆசனத்தைப் பதிவு செய்வது விவேகம். தேசப்படத்தை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், அதனை விமானப் பயன்முறையில் வைத்த பின்னும் ஜன்னலோரத்தில் ஜி.பி.எஸ். வேலை செய்யும்; நாம் தம்மம்பட்டிக்கு மேலே இருக்கிறோமா, துறையூரை நெருங்கிவிட்டோமா என்பதை யாரையும் கேளாமல் அறியலாம்.

புகைப்படம் எடுப்போர் கண்ணாடிக்கு மிக அருகில் லென்ஸை வைத்து, ஃபிளாஷை அணைத்து, கூடுமானால் கறுப்பு அல்லது கருநீலச் சட்டை அணிந்து எடுக்க வேண்டும்; வெள்ளைச் சட்டை கண்ணாடியிலே பிரதிபலித்துப் படத்தைக் கெடுக்கும். ஒளிமுனைவு வடிகட்டிகளைக் கழற்றிவிடுக. ஜன்னலின் அக்ரிலிக் தகடு அவற்றின் வழியே வானவில் பட்டைகளாகத் தெரியும். சாதாரணப் பிரயாணி பறக்கும் விமானத்துக்குள்ளிருந்து படம் எடுப்பதற்குத் தடையில்லை என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2020இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆயினும் ராணுவ விமானத்தளங்களில் அந்த அனுமதி செல்லாது. சிப்பந்திகள் வேண்டாம் என்றால் வாதாடாமல் கேமராவை உறையில் இடுக.

தவறான பக்கத்திலே ஆசனம் வாய்த்துவிட்டால், கதவு மூடிய பின்னர், எதிர்ப்பக்கத்தில் காலியிடம் இருக்கிறதா என்று சிப்பந்தியைக் கேளுங்கள். சிறிய விமானத்தில் பாரம் சமமாக இருக்கவேண்டும் என்பதால் கேளாமல் இடம் மாறுவது கூடாது. ஜன்னலோரத்திலே உறங்குகிற கனவான் ஒருவர் இருந்தால், ‘ஐயா, ஐந்து நிமிஷம் மூடியைத் திறந்துவைக்கலாமா?’ என்று ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு வருமுன்பே கேட்டுவிடுவது மேல். மலை வந்தபின் எழுப்பினால், அவர் விழித்துக்கொள்வதற்குள் மலை போய்விடும்.

இறங்கியபின்

திருச்சிராப்பள்ளியில் இறங்கி மலைக்குச் செல்பவர், முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல்லுக்கும், அங்கிருந்து சேந்தமங்கலம், காரவள்ளி வழியாக மேலேயும் பஸ்ஸில் செல்லலாம். நாமக்கல் வரையில் மலைகள் வலப்புறமே. முதலில் தலைமலை, பிறகு கொல்லிமலை. நம் அரசாங்க பஸ்களில் வலப்புறம் பெரும்பாலும் மூவர் ஆசனம் ஆகையால், ஜன்னலோரம் வேண்டுவோர் முதலிலேயே ஏறி உள்ளே நகர்ந்துகொள்ள வேண்டும். காலையில் அந்தப் பக்கம் வெயில் அடிக்கும். பிற்பகல் பஸ்ஸே நல்லது. காரவள்ளிக்கு மேலே இந்தத் தேர்வுக்கெல்லாம் அவசியமில்லை. 70 வளைவுகளிலும் பள்ளத்தாக்கு ஒரு முறை இடப்புறமும் மறு முறை வலப்புறமுமாக மாறி மாறி வருவதால், எந்த ஜன்னலுக்கும் பாதிப் பங்கு உறுதி. கடைசி வரிசையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வளைவுகளில் அங்கேதான் ஆட்டம் அதிகம். தலைசுற்றல் உள்ளவர்கள் முன்பக்கமாக அமர்ந்து பாதையையே நோக்குவது நலம். கையையும் தலையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டவேண்டாம் என்று கண்டக்டர் சொல்வதை இந்தப் பாதையிலே அட்சரம் பிசகாமல் கேட்க வேண்டும். எதிரே இறங்கும் வண்டி பல வளைவுகளில் கைக்கெட்டும் தூரத்திலேயே உரசிக்கொண்டு போகும்.